மன்னித்த நாள் கிடைக்கவில்லை

"எங்கப்பா நடிக்கிறாரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். எனக்கு அது போதும்."

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு கைக்குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. பெயர் செங்கொடி என்று சொல்லியிருந்தாள்.

நஸ்ரீனுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. வேலூரில் இருந்த அந்தச் சேவை மையத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். தலையில் அடிபட்டோ பக்கவாதம் வந்தோ ஞாபகத்தை இழந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் பொட்டு அகலத்தில் ஒரு கருவி வைக்கிறார்கள். நினைவுத்துணை என்று பெயர். அது பழுதானால் பார்ப்பது அவள் வேலை. ஆனால் வருகிற புகார்களில் பாதி கருவியைப் பற்றியதாகவே இருக்காது. ஆபரேஷனுக்கு அப்புறம் மாமனார் முன்கோபியாகிவிட்டார், வீட்டுக்காரருக்கு என்மேல் பாசம் போய்விட்டது என்று வருவார்கள். அவற்றையெல்லாம் 'சுபாவம்' என்று குறித்து முடித்துவிடும்படி சென்னை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"நடிக்கிறார்னு ஏன் நெனைக்கறீங்க?" என்று கேட்டாள் நஸ்ரீன்.

செங்கொடி சொன்னாள். அப்பா தணிகைவேல் ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு எஞ்சின் படியிலிருந்து வழுக்கி விழுந்து மண்டையில் அடி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்தான் செங்கொடிக்கும் ஆல்வினுக்கும் பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தது. ஆல்வினுக்கு அதற்குப் பிறகு விடுப்பு கிடையாது. அவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தாள்.

"சாதி, மதம் எல்லாம் அவருக்குப் பிரச்சினையே இல்ல மேடம். யூனியன்காரரு. என் பேரே அதனால வெச்சதுதான். 'நான் சாகக் கெடக்கறப்போ நீ மாலை மாத்திக்கினு வந்தியா'ன்னு அது ஒண்ணுதான். ஒரு வருஷத்துக்கு மேல பேசல. அப்புறம் இவ பொறந்தா. அவராவே பஸ் ஏறி காட்பாடிக்கு எங்க வீட்டுக்கு வந்தாரு. இவளை மடியில வெச்சுக்கிட்டு அழுதாரு. 'போனது போவட்டும்மா'ன்னு என் தலையில கைய வெச்சாரு. சரி, எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் இவளைத் தூக்கிக்கிட்டு ஜோலார்பேட்டை போனேன். வாசல்லயே நின்னு, 'யாரைக் கேட்டு வந்த?'ன்னாரு. கதவைச் சாத்திட்டாரு. மறுபடியும் போனேன், மறுபடியும் அதே. அம்மா, 'அவருக்கு உடம்பு சரியில்லம்மா'ங்கறாங்க. ஆனா பக்கத்து வீட்டுக்குப் புதுசா குடிவந்தவங்க பேர் ஞாபகம் இருக்கு. போன மாசம் வாங்கின போனோட லாக் ஞாபகம் இருக்கு. என்னை மன்னிச்சது மட்டும் மறந்துடுமா? அது எப்படி?"

குழந்தை அசைந்தது. அவள் தட்டிக்கொடுத்தாள்.

"அடுத்த மாசம் நாங்க நாக்பூர் போறோம். வீட்டுக்காரருக்கு மாற்றல். அப்பா நடிக்கிறார்னா இனிமே இந்தப் பக்கமே வர்றதா இல்ல."

புகாரைச் 'சுபாவம்' என்று குறிக்கப் போன நஸ்ரீனின் கை நின்றது. புதியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பழையதில் நடந்த மாற்றம் மட்டும் இல்லை. ஒரு மனிதரின் கோபம் இத்தனை சுத்தமாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுமா?

"நான் வீட்டுக்கு வந்து பார்க்கறேன்," என்றாள்.

*

தணிகைவேலின் வீடு ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெருவில் இருந்தது. கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மரகதம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

நஸ்ரீன் காதுக்குப் பின்னால் இருந்த கருவியை மடிக்கணினியோடு இணைத்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர், புதிதாகத் திறந்த பேக்கரி, போன மாதம் போட்ட கண்ணாடி. ஒன்றிலும் தடுமாறவில்லை.

"உங்க பொண்ணு செங்கொடி…"

"அவளைப் பத்திப் பேச வேணாம்மா. நான் சாகக் கெடந்தப்போ…" என்று ஆரம்பித்தவர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "இந்தா, அந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொண்டா," என்றார்.

மரகதம் உள்ளே போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னைக் கேட்டா தெரியுமா பாரு. எனக்கு ஒரு கொழந்தை ஞாபகம் வருது."

"என்ன குழந்தை சார்?"

"பொறந்து பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். என் மடியில கெடக்குது. என் சுண்டு வெரலைப் புடிச்சிருக்கு, விடவே மாட்டேங்குது. துளிர்னு பேரு. பேர் கூடத் தெரியுது பாரு. ஆனா யாரு கொழந்தைன்னு தெரியல. எந்த வீடு, எனக்கு யாரு குடுத்தாங்க, ஒண்ணும் தெரியல. வீட்ல கேட்டா அவ எழுந்து உள்ளே போயிடறா. நான் ஏதாவது…" அவர் முகம் வெளிறியிருந்தது. "நான் எங்கேயாவது தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?"

வேலூரில் தாயின் தோளில் வாய் திறந்து தூங்கிய குழந்தையை நஸ்ரீன் பார்த்திருந்தாள்.

"தப்பா எதுவும் இல்ல சார். கொஞ்சம் பொறுங்க," என்று சொல்லிவிட்டுத் திரையில் தேடினாள்.

கருவியில் நினைவுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். ஒன்றின் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். 'செங்கொடி' என்று தேடினால் கடைசியாக வந்தது ஆஸ்பத்திரி நாள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. தேடலை விட்டுவிட்டு, பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்காமல் நகர்த்திக்கொண்டே போனாள். நேரம் பிடித்தது. காட்பாடி நாள் அங்கே இருந்தது. செங்கொடி, ஆல்வின், துளிர், மூன்று பேரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகான வாசற்படி நாட்களும் இருந்தன.

அவர் நடிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

*

கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே மரகதத்திடம் எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, ஸ்டேஷன்ல ரயில் வந்து மூணாவது பிளாட்பாரத்துல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. போர்டுல மட்டும் இன்னும் ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஜனங்க போர்டைப் பார்த்துட்டு ஒண்ணாவது பிளாட்பாரத்துல போய் நிப்பாங்க இல்லையா? சார் தலையில அதுதான் நடக்குது. எல்லா ஞாபகமும் உள்ளே இருக்கு. அதைத் தேடிக் குடுக்கற இண்டெக்ஸ் பழசாயிருக்கு. போன வருஷம் நாங்க கருவியில ஒரு மாற்றம் பண்ணினோம். அதுக்கப்புறம் புது ஆள், புது விஷயம் வந்தா இண்டெக்ஸ்ல ஏறுது. ஏற்கெனவே இருக்கறவங்க விஷயத்துல ஏதாவது மாறினா ஏற மாட்டேங்குது. குழந்தை புதுசு, அதனால ஏறிடுச்சு. பொண்ணு பழசு. அதனால அவர் தேடும்போதெல்லாம் பழைய கோபம்தான் கெடைக்குது."

"அன்னிக்கு நடந்ததை அன்னிக்கு முழுக்க ஞாபகம் வெச்சு நல்லாத்தான் பேசறாரேம்மா?"

"அன்னன்னிக்கு நடந்தது தூங்கற வரைக்கும் தலையிலயே இருக்கும். தூங்கி எழுந்தா எல்லாமே கருவி வழியாத்தான் வரணும். சின்ன வயசு ஞாபகம் கூட."

மரகதம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "சரி பண்ணிட முடியுமா?"

"முடியும். இண்டெக்ஸை அழிச்சிட்டு முதல்லேர்ந்து மறுபடி கட்டணும். அஞ்சாறு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் அவருக்கு எதுவும், அன்னிக்கு நடந்தது கூட, ஞாபகம் வராது. முடிஞ்சதும் எல்லாம் வந்துடும்."

"எல்லாமா?"

"எல்லாம்தான். சொல்லப் போனா பொண்ணை விட உங்க பேர்லதான் நிறைய தேங்கிக் கெடக்கு. எல்லாம் சாயங்கால நேரம்."

மரகதம் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பொண்ணு விஷயம் மட்டும் ஏத்த முடியாதா? அந்த ஒரு நாள் போதுமே. காட்பாடி போயிட்டு வந்த நாள்."

கொல்லைக்கு வருவதற்கு முன்பே நஸ்ரீன் சென்னைக்குப் பேசியிருந்தாள். அவளுடைய மேலதிகாரி கோதண்டராமன் சொன்னதும் அதுதான். 'வேண்டிய பதிவை மட்டும் ஏத்திட்டு வந்துடு. முழுசா பண்ணப் போனா எல்லாருக்கும் பண்ணணும்.' முடியாத காரியமில்லை. இரண்டு நிமிட வேலை.

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

மரகதம் கொல்லைச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் இதை எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன். எதனாலன்னுதான் தெரியல. அந்தக் கொழந்தை செங்கொடியோடதுன்னு சொன்னாலும் காலையில மறுபடி யாருதுன்னு கேட்பாரு. ஒரு நாள் ஏதோ கோவத்துல, வாத்தியார் வேலை விஷயத்தை எடுத்துட்டேன். கல்யாணம் ஆன புதுசுல கிருஷ்ணகிரியில எனக்கு டீச்சர் வேலை ஆர்டர் வந்துச்சு. என்னைக் கேக்காமலே இவர் வேணாம்னு எழுதிப் போட்டுட்டாரு. முப்பத்தோரு வருஷமா அதை நான் பேசினதில்ல. அன்னிக்குப் பேசினேன். கத்தினாரு. காலையில எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி கேட்டாரு. அடுத்த நாள் வேற ஒண்ணு சொன்னேன். எங்கம்மா செத்தப்போ டியூட்டின்னு வராம இருந்தது. அதுவும் காலையில இல்ல."

கல்லில் ஒட்டியிருந்த சோப்பை நகத்தால் சுரண்டினாள்.

"அப்புறம் தெனம் சாயங்காலம் பேச ஆரம்பிச்சேன். மனசுல இருந்த ஒவ்வொண்ணா. உங்கள விட்டுட்டுப் போயிடலாம்னு எத்தனை தடவ நெனச்சேன் தெரியுமான்னு கூட ஒரு நாள் கேட்டுட்டேன். சில நாள் திட்டுவாரு. சில நாள் எழுந்து போயிடுவாரு. ஒரு நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. ரொம்ப நேரம் அழுதாரும்மா. காலையில அதுவும் இல்ல. அதெல்லாம் இப்போ ஒண்ணா வந்து அவர் தலையில எறங்குமா?"

"எறங்கும்," என்றாள் நஸ்ரீன். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு புரியுது. ஆனா இது வேணும், அது வேணாம்னு அவர் ஞாபகத்துலேர்ந்து நீங்களோ நானோ பொறுக்கி எடுத்தா அப்புறம் அது அவர் ஞாபகமா இருக்காதும்மா. அவரைத்தான் கேக்கணும்."

"போயிட்டு வா. நான் யோசிச்சுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே போன் செய்தாள். "வந்து பண்ணிடும்மா. எல்லாத்தையுமே பண்ணிடு. எம்பொண்ணு மழையில வாசல்ல நின்னுட்டுப் போனதைப் பார்த்தவ நான். அதுக்கு மேல எனக்கு என்ன வந்துடப் போகுது?"

*

"என் பொண்ணை நான் மன்னிச்சிட்டேனா? யாரு சொன்னது?" தணிகைவேல் நம்பவில்லை. "எனக்கே தெரியாம எப்படி மன்னிப்பேன்?"

"அந்தக் குழந்தை உங்க பேத்தி சார்," என்றாள் நஸ்ரீன்.

அவர் தன் சுண்டு விரலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். வெளியே ஒரு சரக்கு ரயில் முழுவதுமாகக் கடந்து போனது.

"அப்போ அது எனக்கு வேணும்."

"அதோட வேற ஞாபகங்களும் வரும். கஷ்டமானதும் இருக்கும். வேண்டியதை மட்டும் பிரிச்சு ஏத்த வழி இருக்கு. நீங்க சொன்னாதான் செய்வேன்."

"எதையும் பிரிக்காதே," என்றார். சமையலறை வாசலில் நின்ற மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

நஸ்ரீன் வேலையைத் தொடங்கினாள். சற்று நேரத்தில் அவர் முகத்திலிருந்த கோடுகள் எல்லாம் தளர்ந்தன. முன்பின் தெரியாத வீட்டில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போல நாற்காலி விளிம்புக்கு நகர்ந்துகொண்டார். மரகதம் டீ கொண்டுவந்து கொடுத்தபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

"உங்களுக்குச் சிரமம்மா. நீங்க இந்த வீட்டுக்காரங்களா?"

"ஆமாங்க."

"டீ ரொம்ப நல்லாருக்குங்க."

மரகதம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மதியத்துக்கு மேல் செங்கொடி வந்தாள். நஸ்ரீன்தான் வரச் சொல்லியிருந்தாள். குழந்தையோடு சுவரோரமாக நின்றாள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் வந்தவை ஸ்டேஷன் பெயர்கள். வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு கையால் நாற்காலியைத் தட்டினார். யார் யாருடைய பெயரோ வந்தது. "இந்தா, ஃபேனைப் போடு, புழுங்குது," என்றார். மரகதம் அழுகையும் சிரிப்புமாக ஓடிப்போய் ஃபேனைப் போட்டாள்.

அதன் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை கையை முன்னால் நீட்டி எதையோ தடுப்பதுபோலச் செய்தார். கண்ணைத் திறந்தபோது நேராகச் செங்கொடியைத்தான் பார்த்தார்.

"மழையில கொடை கூட இல்லாம நின்னியேம்மா."

செங்கொடி உதட்டைக் கடித்தாள்.

"சார், அது உங்க தப்பு இல்ல. கருவியோட கோளாறு. எங்க தப்பு," என்றாள் நஸ்ரீன்.

"கருவி பழைய கோவத்தைக் காட்டுச்சு, சரி. அந்தக் கோவம் யாருது? நான் வெச்சிருந்ததைத்தானே அது எடுத்துக் குடுத்துச்சு." அவர் மகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மன்னிச்சுடுன்னு கேக்கறதுக்குக் கூட எனக்கு வாய் வரல."

"இப்போ கேக்காதீங்கப்பா. உங்களுக்கு எல்லாம் இன்னிக்குத்தான் வந்துச்சு. நான் இத்தனை நாளா ஒவ்வொண்ணா வெச்சுக்கினு இருந்தேன். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்." சொல்லிவிட்டுக் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். வாசலுக்குப் போய் நின்றாள். துளிர் அவருடைய மீசையைப் பிடிக்க எட்டியது. தணிகைவேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையை நனைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்தே செங்கொடியின் குரல் கேட்டது. "அம்மா, சாப்டுட்டுத்தான் போவேன். என்ன இருக்கு?"

*

நஸ்ரீன் கடைசிச் சோதனையை ஓட்டினாள். பதிவுகளும் இண்டெக்ஸும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. எதுவும் விடுபடவில்லை.

மரகதம் ஈரக்கையோடு வந்து நின்றாள். "ஏங்க… என்னைப் பத்தி எதுனா வந்துச்சா?"

"உன்னைப் பத்தி என்ன வரணும்? எப்பவும் இருக்கறதுதான்," என்றார் தணிகைவேல்.

"சாயங்காலத்துல பேசினது கீசினது?"

"என்ன பேசின? ஒண்ணும் வரலியே."

மரகதம் நஸ்ரீனைப் பார்த்தாள். தணிகைவேலும் நஸ்ரீனைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது. நஸ்ரீன் மடிக்கணினியை மூடினாள்.

"சில சமயம் எல்லாம் வராதும்மா," என்றாள். அந்த வேலைக்கு வந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

வாசல் கேட் வரை அவர் கூடவே வந்தார்.

"எல்லாம் வந்துடுச்சும்மா. வாத்தியார் வேலை, மாமியார் சாவு, எல்லாம். எனக்கு ஞாபகம் இருக்குன்னு தெரிஞ்சா அவ வாயை மூடிக்குவா. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் தொறந்திருக்கா."

"எவ்வளவு நாளைக்கு சார் இப்படி?"

"அவ பேசி முடிக்கற வரைக்கும்."

ஊர் திரும்பும் ரயிலில் நஸ்ரீனுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பொறுக்கி எடுக்கக்கூடாது என்று மரகதத்திடம் அத்தனை அழுத்தமாகச் சொன்னவள், கடைசியில் தானே ஒன்றை மறைத்துவிட்டு வந்திருக்கிறாள். சரியா தப்பா என்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்வோம் என்று கோதண்டராமனைக் கூப்பிட்டாள்.

"சார், 'சுபாவம்'னு போட்டு முடிச்ச புகார் எல்லாத்தையும் திரும்பத் தொறக்கணும்."

"எல்லாத்தையுமா? அதுல எத்தனை பேருக்கு இந்தக் கோளாறு இருக்கும்?"

"எப்படி சார் தெரியும்? கோவக்காரங்கன்னு எழுதி மூடிட்டோமே."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கே ஆரம்பி," என்றார்.

*

அடுத்த வாரம் மரகதம் போன் செய்தாள். கருவியைச் சார்ஜில் போடுவது பற்றி ஏதோ கேட்டாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது. செங்கொடி இதற்குள் இரண்டு தடவை வந்து போய்விட்டாள் என்றாள். அப்பாவோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறாள் என்றாள்.

பிறகு சொன்னாள், "அவருக்கு எல்லாம் வந்துடுச்சு இல்லம்மா?"

நஸ்ரீன் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நேத்து காலையில கொல்லையில துணி காயவெச்சுக்கினு இருந்தேன். உள்ளேருந்து 'மரகதம்'னு ஒரு குரல். யாரோ யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். மறுபடியும் 'மரகதம்'னு. கல்யாணம் ஆனதுலேருந்து இந்தாவும் ஏயும்தான் எனக்குப் பேரு. எனக்குன்னு ஒரு பேரே இல்லையான்னு ஒரு சாயங்காலம் நான் கேட்டது அவருக்கு வேற எப்படித் தெரியும்?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல. போய் நின்னு என்னன்னேன். 'ஒண்ணுமில்ல, சும்மாதான்'னாரு. சரின்னு வந்துட்டேன். கேட்டா ரெண்டு பேருக்குமே ஒரு மாதிரியாயிடும்."

"இப்பவும் சாயங்காலத்துல பேசறீங்களாம்மா?"

"பேசறேன். கேட்டுக்கினே உக்காந்திருக்காரு. சொல்ல வேண்டியது இன்னும் பாதிக்கு மேல இருக்கு." மரகதம் சற்று நிறுத்தினாள். பாத்திரம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. "நேத்து யோசிச்சுப் பார்த்தேன். நல்லதும் ரெண்டு மூணு இருந்துச்சு. அதையும் சொன்னேன்."